ஆறு மணிக்கு எழுந்து நிற்கும் உணவகம்

2018 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் அக்காவின் இரண்டாவது பிள்ளைப்பேற்றுக்கு உதவியாக இருப்பதற்காக அவுஸ்திரேலியாவின் சிட்னி நகருக்குப் போயிருந்தேன். வேலைத்தலத்தில் ஆறு வாரம் சம்பளமில்லாத விடுமுறை எடுத்துக்கொண்டு போன பயணம் அது. சிட்னி என்றதும் ஒபேரா மண்டபமும் துறைமுகப் பாலமும்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். இரண்டையும் அத்தான் ஒருநாள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். அழகுதான். ஆனால் ஊருக்குத் திரும்பிய பிறகு மாதர் சங்கக் கூட்டங்களில் சகோதரிகள் “அங்க என்ன பார்த்தனீங்கள்?” என்று கேட்கும்போது நான் சொல்லத் தொடங்குவது அவற்றைப் பற்றி அல்ல. மேற்கு சிட்னியில் அக்கா வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் இருந்த ஒரு சாப்பாட்டுக் கடையைப் பற்றித்தான்.

அது தனிக்கடை அல்ல. ஒரு கழகத்தின் உள்ளே இருக்கும் உணவகம். அந்த நாட்டில் ஏறத்தாழ எல்லா ஊர்களிலும் இப்படி ஒரு கழகம் உண்டு. மக்கள் அதனை “ஆர்.எஸ்.எல்.” என்று மூன்று எழுத்தில் சொல்வார்கள். போருக்குப் போய்த் திரும்பியவர்களின் சங்கம் என்பது அதன் பொருள். 1915 ஏப்ரல் 25 அன்று துருக்கியின் கலிப்போலிக் கரையில் அவுஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகள் இறங்கின. அங்கே மட்டும் எண்ணாயிரத்துக்கு மேற்பட்ட அவுஸ்திரேலியர்கள் மாண்டார்கள். அடுத்த ஆண்டு, 1916 இல், காயப்பட்டும் நோயுற்றும் திரும்பி வந்தவர்கள் தங்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்துக்கொண்டார்கள். அந்தச் சங்கத்தின் கிளைகளை ஒட்டிப் பின்னாளில் வளர்ந்தவையே இந்தக் கழகங்கள். இன்று நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் சங்கம் வேறு, கழகம் வேறு. சங்கம் முன்னாள் படையினரின் நலன் பார்க்கும் அமைப்பு. கழகமோ உணவும் மதுவும் பாட்டுக் கச்சேரியும் விற்கும் ஒரு வியாபார நிலையம்.

எங்களை அங்கே அழைத்தவர் பக்கத்து வீட்டு அம்மா. எழுபது வயதைக் கடந்த வெள்ளைக்காரப் பெண்மணி, தனியாக இருக்கிறார். அவரது கணவர் வியட்நாம் போருக்குப் போய்த் திரும்பியவர். திரும்பி வந்து பல வருடம் கழித்து, அந்தப் போரிலேயே தொற்றிக்கொண்ட வருத்தத்தால் இறந்துபோனார். “வெள்ளிக்கிழமை கழகத்தில் விவசாயிகளுக்காக ஒரு இரவு நடக்கிறது, ரிக்கற் வாங்கிவிட்டேன், வாருங்கள்” என்று வேலிக்கு மேலால் சொன்னார். அந்த வருடம் அங்கே கடும் வறட்சி. மாநிலம் முழுவதும், நூற்றுக்கு நூறு வீதம், வறட்சிப் பிரதேசம் என்று அந்த ஓகஸ்டில்தான் அறிவித்திருந்தார்கள். மாடு வளர்ப்பவர்கள் புல்லுக்கு வழியில்லாமல் மந்தையை விற்றுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு வைக்கோல் அனுப்புவதற்குத்தான் இந்த இரவு.

அக்கா பச்சை உடம்போடு வெளியே வர முடியாது. அத்தான், அக்காவின் மூத்த பிள்ளை, நான், அத்தானின் தாயார் என்று நாலு பேர் புறப்பட வேண்டும். மாமி மாட்டேன் என்றா. “நான் அங்க என்னத்துக்கு? குடிக்கிற இடம். வெள்ளிக்கிழமை வேற. தாலியில்லாத மனுசி பாட்டுக் கூத்துக்குப் போறதோ?” மாமா இறந்து பதினெட்டு வருடம். சிட்னிக்கு வந்து ஏழு வருடம். ஆனாலும் அந்தக் கணக்கு மாமியின் மனதில் மாறவில்லை. கடைசியில் பக்கத்து வீட்டு அம்மா வந்து கையைப் பிடித்தா. மொழி விளங்காவிட்டாலும் மாமிக்குக் கையை உதற மனம் வரவில்லை. மாமி கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு எங்களோடு நடந்தா.

வாசலில் அடையாள அட்டை காட்டிப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். நான் கடவுச்சீட்டைக் காட்டினேன். சோதனைச் சாவடியில் நின்று பழகிய கைகள், கேட்க முன்னரே பையைத் திறந்து காட்டின. அந்தப் பிள்ளை பையைப் பார்க்கவேயில்லை. சிரித்துக்கொண்டு உள்ளே போகச் சொன்னா. உள்ளே ஆண்கள் தொப்பியைக் கழற்ற வேண்டும் என்று எழுதியிருந்தது. இறந்தவர்களுக்கான மரியாதையாம்.

உணவகம் பெரிய மண்டபம். குழந்தைகள் ஓடித் திரிகிறார்கள், சக்கர நாற்காலியில் முதியவர்கள் இருக்கிறார்கள், வேலைச் சப்பாத்தோடு வந்தவர்களும் இருக்கிறார்கள். பரிமாற ஆள் வராது. நாமே போய்க் காசைக் கட்டிச் சொல்ல வேண்டும். கையில் ஒரு சிறு வட்டப் பெட்டி தருகிறார்கள். சாப்பாடு தயாரானதும் அது மேசையில் கிடந்து துடிக்கும். பிள்ளைக்கு அது பெரிய விளையாட்டு. மாமி முதல் தரம் பயந்து கையை எடுத்துவிட்டா.

அங்கே முக்கியமான சாப்பாடு இரண்டு. ஒன்று ஸ்ரேக், அதாவது மாட்டிறைச்சியைக் கைப்பரப்பளவு தடித்த கண்டமாக வெட்டி நெருப்பில் வாட்டித் தருவது. உள்ளே சிவப்பாக இருக்கட்டுமா, நன்றாக வேகட்டுமா என்று கேட்டுத்தான் வாட்டுகிறார்கள். மற்றது கடலுணவு. எலுமிச்சம்புளி பிழிந்து பச்சையாகவே உறிஞ்சும் சிட்னிச் சிப்பி, பொரித்த கணவாய், இறால். ஸ்ரேக்குக்கு மேலே இறாலையும் போட்டு ஒரே தட்டில் தருவதும் உண்டு. நான் பரமண்டி என்ற மீனைக் கேட்டு வாங்கினேன். தட்டு வந்ததும் பார்த்தால் நம்முடைய களப்புக் கொடுவா! அதே வெள்ளைச் சதை. மிளகாய்த்தூள் மட்டும்தான் இல்லை. மாமி உருளைக்கிழங்குப் பொரியலும் சலாதும் சாப்பிட்டா. அத்தானும் தாய்க்கு முன்னால் நல்ல பிள்ளையாக மீனே எடுத்தார். மற்ற மேசைகளின் ஸ்ரேக்கில் அவரது கண் போய் வந்ததை நான் மட்டும் கண்டேன்.

ஆறு மணிக்கு அது நடந்தது. வெளியே குளிர்காலத்து இருட்டு. திடீரென்று மின்விளக்குகள் மங்கின. பக்கத்து வீட்டு அம்மா முள்ளுக்கரண்டியை வைத்துவிட்டு எழுந்தா. மண்டபம் முழுவதும் எழுந்தது. கோப்பை ஏந்திய கைகள் கீழே இறங்கின. சுவரில் ஒரு சிறு விளக்கு எரியும் இடத்தை எல்லோரும் பார்த்து நின்றார்கள். ஒலிபெருக்கியில் சில வரிகள் வாசித்தார்கள். 1914 இல் லோரன்ஸ் பினியன் என்ற ஆங்கிலக் கவிஞர் எழுதிய கவிதையில் ஒரு பகுதி அது என்று பின்னர் அறிந்தேன். பிறகு மௌனம். என் மருமகன் கூட வாயைப் பொத்திக்கொண்டு நின்றான். பிறகு விளக்குகள் எரிந்தன, எல்லோரும் இருந்தார்கள், விட்ட இடத்திலிருந்து சாப்பிட்டார்கள், சிரித்தார்கள். இது விசேட நாளுக்கானதல்ல, அந்தக் கழகத்தில் ஒவ்வொரு நாளும் ஆறு மணிக்கு நடப்பது என்று அத்தான் சொன்னார்.

சகோதரிகளே, நம்மில் எத்தனை பேர் கதவைச் சாத்திவிட்டுச் சுவாமி அறைக்குள் விளக்கு ஏற்றியிருக்கிறோம்! படத்தை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறோம்! நினைப்பதே குற்றம் என்று இருந்த வருடங்களை நாம் மறக்கவில்லை. இங்கே மனிதர்கள் பொரித்த கிழங்குக்கு நடுவில் எழுந்து நின்று நினைக்கிறார்கள். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. கொஞ்சம் பொறாமையும் வந்தது என்பதை மறைக்கவில்லை.

ஏழு மணிக்குப் பிறகு கச்சேரி. இரண்டு கிற்றார், ஒரு மேளம், வயதான பாடகர். இடையிடையே சீட்டிழுப்பு. இதுதான் அந்தக் கழகங்களின் பெரிய பொழுதுபோக்கு. பரிசாகப் பணம் வைப்பதில்லை, இறைச்சித் தட்டுத்தான். ஆட்டுக்கால், பன்றி இறைச்சி, சொசேஜஸ் எல்லாவற்றையும் அடுக்கி மெழுகுத்தாள் சுற்றி வைத்திருப்பார்கள். சீட்டு விற்ற காசு அன்றைக்கு வைக்கோலுக்கு. பக்கத்து வீட்டு அம்மா மாமிக்கும் ஒரு தொகுதிச் சீட்டு வாங்கிக் கொடுத்தா. விழுந்தது யாருக்கு என்று நினைக்கிறீர்கள்? வெள்ளிக்கிழமை விரதம் பிடிக்கும் மாமிக்குத்தான், மாட்டிறைச்சியும் பன்றி இறைச்சியும் நிறைந்த பெரிய தட்டு! மாமி நெஞ்சில் கையை வைத்து “முருகா” என்றா. மேடைக்குப் போகச் சொன்னார்கள். போய், தட்டைத் தொடாமலே, அத்தான் மூலம் சொன்னா: “இதைத் திரும்ப வித்து அந்தக் காசையும் மாட்டுக்காரருக்குக் குடுக்கச் சொல்லு.” அப்படியே ஏலம் போட்டார்கள். கைதட்டல் அடங்க நேரமெடுத்தது. மாமி முகம் சிவந்து வந்து இருந்தா. மாடு வளர்க்கிறவர்களுக்கு மாட்டிறைச்சி விற்று உதவுவது மாமிக்கு விநோதமாக இருந்தது. எனக்கும்தான்.

அன்றைக்கு நான் கவனித்தது இன்னொன்று. வைக்கோல் யாருக்குப் போகிறது என்று ஒரு பெயர் கூட வாசிக்கப்படவில்லை. எந்தப் பக்கத்துக் கிராமங்களுக்கு லொறி போகிறது என்று மட்டும் சொன்னார்கள். அந்த மண்டபத்தில் வறட்சியால் நொந்த குடும்பம் ஒன்று இருந்திருந்தாலும் அவர்கள் மற்றவர்களைப் போலச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போயிருக்கலாம்.

இதைச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. சிட்னிக்குப் போவதற்கு இரண்டு வருடம் முன்னர், நான் முன்னின்று ஒழுங்கு செய்த வாழ்வாதார உதவி வழங்கும் நிகழ்வொன்றில், பெண் தலைமைத்துவக் குடும்பங்களைச் சேர்ந்த இருபத்திரண்டு சகோதரிகளை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி மேடைக்கு அழைத்தோம். தையல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிறுத்திப் படமெடுத்தோம். உதவியவர்களுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும், படம் இல்லாமல் முடியாது என்று நானே வாதாடினேன். ஒரு சகோதரி சேலைத் தலைப்பால் முகத்தின் பாதியை மறைத்தா. “கொஞ்சம் விலத்துங்கோ அக்கா, முகம் தெரிய வேணும்” என்று சொன்னவளும் நான்தான். சில மாதம் கழித்து அவ சொன்னா: “தங்கச்சி, அந்தப் படம் என்ர பெடியன்ர வகுப்புப் பிள்ளைகளின்ர கையில வந்தது. அவன் ரெண்டு நாள் பள்ளிக்குடம் போகேல்லை.” பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தவள் நான். மனித மாண்பு பற்றிப் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன்.

சாப்பாடு எடுக்கும் இடத்தில் ஒரு குரல், “நீங்கள் யாழ்ப்பாணமோ?” என்று கேட்டது. தலையில் வலைத்தொப்பி, கையுறை, முப்பத்தெட்டு நாற்பது வயது இருக்கலாம். வன்னிப் பக்கத்துச் சகோதரி. இடைவேளை நேரம் பின்வாசலில் பத்து நிமிடம் கதைத்தோம். எப்படி வந்தா என்று நான் கேட்கவில்லை, அவவும் சொல்லவில்லை. 2009 மே மாதத்துக்குப் பிறகு கணவரைக் காணவில்லை. நெற்றியில் சிறிய பொட்டு. வேலைக்கு வரும்போதும் கழற்றுவதில்லையாம்.

“இந்த ஆறு மணி மௌனம் உங்களுக்கு என்ன மாதிரி?” என்று கேட்டேன்.

“தொடக்கத்தில விளங்கேல்லை. கரண்ட் போட்டுதெண்டு நினைச்சன்” என்று சிரித்தா. பிறகு சொன்னா: “இப்ப அந்த நேரம் கையைத் துடைச்சுப்போட்டு நிப்பன். அவையள் ஆரை நினைக்கினமோ தெரியாது. நான் இவரை நினைப்பன். செத்துப்போனார் எண்டு நினைக்கிறேல்லை, சும்மா நினைக்கிறது. ஒருத்தரும் ஏனெண்டு கேக்கமாட்டினம்.”

இவ்வளவும் சொன்னதால் அந்த இடத்தைக் கோயிலாக்கிவிடக் கூடாது. உணவகத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கூடம், இருட்டாக, மின்னி மின்னி. சூதாட்ட இயந்திரங்கள். 1956 இல் அந்த மாநிலம் கழகங்களில் அவற்றைச் சட்டபூர்வமாக்கியது. இன்று மாநிலத்தில் எண்பதாயிரத்துக்கு மேற்பட்ட இயந்திரங்கள் இருக்கின்றன. மலிவான ஸ்ரேக்குக்கும் இலவசக் கச்சேரிக்கும் பின்னால் நிற்பது பெரும்பாலும் அந்தக் கூடத்தின் வருமானம்தான். இயந்திரங்களால் வருடத்துக்குப் பத்து இலட்சம் டொலருக்கு மேல் ஈட்டும் கழகம், அதில் சிறுபங்கைச் சமூகப் பணிக்குக் கொடுத்தால் அதற்கு வரிச்சலுகை கிடைக்கும். தோற்றவர் காசு தொண்டாகிறது. சம்பளத்தை அங்கே விட்டுவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போகிறவர்களின் மனைவியர் எத்தனை பேர்? கசிப்புக் குடிக்கும் கணவனுக்குப் பயந்து சம்பளநாளில் படலையடியில் காத்து நிற்கும் நம் ஊர்ப் பெண்களின் முகம்தான் எனக்கு நினைவு வந்தது. பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேட்டேன். அவவும் அந்தக் கூடத்தைப் பார்க்க விரும்புவதில்லை. “ஆனால் இதை மூடினால் நான் வெள்ளிக்கிழமை எங்கே போவது?” என்றா.

அந்த வெள்ளிக்கிழமையும் அவவுக்குச் சும்மா கிடைத்ததல்ல. இந்தக் கழகங்கள் நீண்ட காலம் ஆண்களின் இடம். பெண்கள் மகளிர் துணைக்குழுவில் சேர்ந்து பணியாரம் சுட்டுக் காசு சேர்த்துக் கொடுப்பார்கள், அவ்வளவுதான். இரண்டு உலகப் போர்களிலும் போராடித் திரும்பிய பழங்குடி வீரர்களைப் பல கழகங்கள் உள்ளே விடவேயில்லை. மதுச்சாலைகளிலும் பெண்களுக்குத் தனி மூலைதான். 1965 இல் பிறிஸ்பேன் நகரில் மேர்ல் தோர்ன்ரன், றோசலி பொக்னர் என்ற இரண்டு பெண்கள் மதுச்சாலைக் கம்பியில் தங்களைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டு, எங்களுக்கும் பரிமாறு என்று கேட்ட கதை அங்கே பிரபலம். மதுவுக்காகவா போராட்டம் என்று மாமி முகம் சுளித்தா. அது பொது இடத்தில் இருப்பதற்கான போராட்டம் என்று நான் சொன்னேன். மாமி ஒன்றும் பேசவில்லை.

பக்கத்து வீட்டு அம்மாவின் மேற்சட்டையில் ஒரு சிறு பறவைச் சின்னம் குத்தியிருந்தது. குக்கபரா. மீன்கொத்தி இனத்தில் மிகப் பெரியது, சிரிப்பது போலக் கத்தும். அது போர் விதவைகள் சங்கத்தின் சின்னம். 1945 மார்ச் மாதம் தளபதி ஜோர்ஜ் வேசி கெயின்ஸ் நகருக்கு அருகில் விமான விபத்தில் இறந்தார். அவரது மனைவி ஜெசி வேசி அதே வருடம் மெல்பேர்ண் நகரில் கணவனை இழந்த பெண்களைத் திரட்டினார். தொடக்கம் நெசவு வகுப்பு. தறியைச் சுற்றி இருந்து கதைக்கத் தொடங்கியவர்கள், அரசாங்கம் தரும் ஓய்வூதியம் பிள்ளைகளை வளர்க்கப் போதாது என்று சேர்ந்து கேட்டார்கள். பிறகு தனித்துப்போன பெண்களுக்கு வீடுகளும் தேடிக் கொடுத்தார்கள். ஜெசி வேசி 1966 இல் இறக்கும்வரை அந்த வேலையை விடவில்லை. பக்கத்து வீட்டு அம்மா “நான் ஒரு போர் விதவை” என்று தன் உத்தியோகத்தைச் சொல்வது போலச் சொல்கிறா. அந்தச் சொல்லை நாங்கள் எவ்வளவு குரல் தாழ்த்திச் சொல்கிறோம்! அவவுக்கு அரச ஓய்வூதியம் உண்டு என்பதும் உண்மை. நம்மில் பெரும்பாலானோருக்கு மரணச் சான்றிதழுக்கே அலைச்சல்.

இரவு பத்து மணிக்கு வீடு திரும்பினோம். அக்காவுக்கு மாமிதான் எல்லாக் கதையும் சொன்னா. இறைச்சித் தட்டின் கதையை மட்டும் மூன்று தரம். அடுத்த வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலரை மணிக்கே குளித்துச் சேலை மாற்றி, “அந்த மனுசி இண்டைக்கும் போகுதோ?” என்று வேலியைப் பார்த்தா.

ஊருக்கு வந்த பிறகு ஒரு மாற்றம் செய்தேன். சிறியதுதான். அடுத்த உதவி வழங்கலுக்கு மேடை போடவில்லை. அம்மாச்சி உணவகத்தில் மதியச் சாப்பாட்டுக்குச் சகோதரிகளை அழைத்தோம். நம்மைப் போன்ற பெண்களே சமைத்து விற்கும் இடம். இலைக்கஞ்சி, தோசை, பிறகு எல்லோரும் கதைத்துக்கொண்டிருந்தோம். பொருட்கள் பின்னர் வீடுகளுக்குப் போயின. படம் எங்கே என்று கேட்டு உதவியவர்களிடமிருந்து இரண்டு கடிதம் வந்தது. பொருட்களின் படத்தை அனுப்பினேன். சேலைத் தலைப்பால் முகம் மூடிய சகோதரியையும் அழைத்திருந்தேன். அவ வரவில்லை.

வன்னிச் சகோதரி தன் தாயைப் போய்ப் பார்க்கும்படி கேட்டிருந்தா. ஒக்ரோபரில் போனேன். தகரக் கூரை வீடு, முற்றத்தில் முருங்கை. மகள் வேலை செய்யும் இடம், மேசைகள், பாட்டு, ஆறு மணி மௌனம் எல்லாம் சொன்னேன். தாயார் வெற்றிலையை மடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தா.

“அங்க வயிறு நிறையச் சாப்பிடுறாளோ?”

“சாப்பிடுறா அம்மா. வேலை செய்யிறதே சாப்பாட்டுக் கடையில.”

“இரவு வேலை முடிஞ்சால் ஆர் கூட்டிக்கொண்டு போறது?”

அதை நான் கேட்டுக்கொண்டு வந்திருக்கவில்லை.